வழிகாட்டி இல்லாத ராக்கெட்டுகளை விமானங்கள் ஏன் கொத்தாகச் சுடுகின்றன?

ஒற்றை ராக்கெட்டை நம்ப முடியாது, அதுதான் காரணம். குழாய்க்குள் மடிந்திருக்கும் வால் துடுப்புகள் வெளியே வந்ததும் விரியும். அப்புறம் திசை மாற்ற வழியே இல்லை. காற்றும், சுடும் நொடியில் விமானத்தின் சிறு ஆட்டமும் விலக்கிவிடும். பலவற்றைச் சிதறவிட்டால் ஒன்றாவது படும் என்பது கணக்கு.

அது எவ்வளவு மோசமாகப் பொய்த்தது என்று பாருங்கள். 1956 ஆகஸ்ட் 16, கலிஃபோர்னியா. கட்டுப்பாடு இழந்த ஆளில்லா ஹெல்கேட் விமானத்தை வீழ்த்த இரண்டு எஃப்-89டி ஸ்கார்பியன் போர் விமானங்கள் கிளம்பின. இறக்கை நுனிக் கூடு ஒவ்வொன்றிலும் 52 ராக்கெட். மொத்தம் 208-ஐயும் சுட்டும் அதை வீழ்த்த முடியவில்லை. எரிபொருள் தீர்ந்து தானாகவே விழுந்தது. கீழே பாம்டேல் ஊர்ப் பக்கம் புதர்க்காடுகள் பற்றி எரிந்தன.

அன்று சுட்ட அதே 70 மி.மீ. விட்டமுள்ள ராக்கெட் வகைதான் இன்று ஹெலிகாப்டர்களின் 19 குழாய் லாஞ்சரிலிருந்து தரை இலக்குகளை நோக்கிப் பாய்கிறது.