மேப்பை இன்னிக்கே திருத்தலாம், மெயிலை மெதுவா மாத்துங்க

கேள்வி: அண்ணா, கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டிக்கு (படுகர் கிராமம்) மேல ரெண்டு ரூம் ஹோம்ஸ்டே வச்சிருக்கோம். மேப்புல எங்க வீடு தேயிலைக்காட்டுக்கு அந்தப் பக்கம் காட்டுது. வர்ற கெஸ்ட் எல்லாம் எஸ்டேட் கேட் முன்னாடி போய் நின்னுட்டு ஃபோன் பண்றாங்க, அங்க டவரும் எடுக்காது. திருத்தச் சொல்லி கம்ப்ளைன்ட் போட்டுப் போட்டு சலிச்சுப்போச்சு. மக்களே சேர்ந்து போடற மேப் ஒண்ணு இருக்குன்னு பையன் சொல்றான், அதுக்கு மாறிடலாமா, காசு ஆகுமா?

பதில்: காசே ஆகாதுக்கா. பையன் சொல்றது ஓபன்ஸ்ட்ரீட்மேப். 2004ல இங்கிலாந்துல ஆரம்பிச்சது, யாரு வேணா அக்கவுண்ட் தொறந்து அவங்க ஊரை அவங்களே போடலாம். யாரும் வந்து அப்ரூவ் பண்ணணும்னு காத்துக்கிட்டு இருக்க வேண்டியதில்ல, சேவ் பண்ணின கொஞ்ச நேரத்துல அவங்க சைட்ல தெரிய ஆரம்பிச்சிடும்.

உங்க மாதிரி இடத்துக்கு இதுல பெரிய சௌகரியம் என்னன்னா, கார் போற ரோடு எங்க முடியுது, அதுக்கு மேல மண் பாதையா, படிக்கட்டா, எஸ்டேட் தனியார் ரோடா, குறுக்க கேட் இருக்கான்னு தனித்தனியா குறிக்கலாம். படிக்கட்டுன்னு போட்டுட்டா காருக்கு வழி கேக்கறவங்களுக்கு அந்தப் பக்கம் வழி காட்டாது. 2024 ஜனவரில கூடலூர்ல மேப்பை நம்பி வந்த ஒரு வண்டி படிக்கட்டுல இறங்கி மாட்டிக்கிச்சே, நியூஸ்ல பார்த்திருப்பீங்க.

கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து சேட்டிலைட் படத்துல உங்க கூரையைத் தேடினா கிடைச்சிடும், ஆனா மலையில அந்தப் படம் பல இடத்துல சில மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும், அதனால பையனை ஃபோன்ல ஜிபிஎஸ் ட்ராக் ஆன் பண்ணி மெயின்ரோட்டுல இருந்து வீடு வரைக்கும் ஒருவாட்டி நடக்கச் சொல்லுங்க, அதுல பதிவான தடத்தை வச்சு பாதையைப் போட்டா சுத்தமா இருக்கும். ஆண்ட்ராய்டு ஃபோன்னா ஸ்ட்ரீட்கம்ப்ளீட்னு ஒரு ஆப் இருக்கு, நீங்க நிக்கற எடத்தைச் சுத்தி இந்த ரோடு தார் ரோடா, மண் ரோடா, லைட் இருக்கான்னு சின்னச் சின்னக் கேள்வியா கேக்கும், பதில் சொன்னாப் போதும். ஹட்டி பேரைத் தமிழ்லயும் போடுங்க. ஒண்ணே ஒண்ணு, மத்த மேப்பைப் பார்த்து காப்பி அடிச்சுப் போட்டுடாதீங்க, அது அவங்க சொத்து, தெரிஞ்சா அழிச்சிடுவாங்க.

இவ்வளவு சொல்லிட்டு, "மாறிடலாமா"ன்னா, இல்ல. கெஸ்ட் உங்களைத் தேடறது பழைய மேப்புல தான், ரிவ்யூ, ஃபோட்டோ எல்லாம் அங்க தான் இருக்கு, புதுசுல அதெல்லாம் கிடையாது, லைவ் டிராஃபிக்கும் வராது. பழைய மேப்புல உங்க இடக்குறியை விட்டுடாம, புதுசுலயும் போட்டு வைங்க. புக்கிங் கன்ஃபர்ம் ஆனதும் அட்சரேகை தீர்க்கரேகை நம்பரை மெசேஜ்ல அனுப்பி, "ஆர்கானிக் மேப்ஸ் ஆப்புல இந்த ஏரியா மேப்பை மேட்டுப்பாளையத்துலயே டவுன்லோட் பண்ணிக்குங்க"ன்னு ஒரு வரி சேர்த்துடுங்க. அது ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை வச்சு டவரே இல்லாம ஓடற ஆப். நீங்க திருத்தினது அந்த ஆப்புக்கு வர கொஞ்சம் நாளாகும், அவங்க மேப் அப்டேட் விட்டா தான் வரும். சீசன்ல குன்னூர் வழியா ஏத்தம், கோத்தகிரி வழியா இறக்கம்னு ஒன்வே விடறாங்க இல்ல, அதுக்கெல்லாம் எந்த மேப்பையும் நம்பாதீங்க, செக்போஸ்ட்ல சொல்றது தான் கணக்கு.

கேள்வி: குன்னூர்ல எங்க தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப். காட்டுமாடு இறங்கினா, கரடி குப்பைத்தொட்டிகிட்ட நின்னா உடனே போடுவோம். பிரைவசி போச்சு, சிக்னல்ங்கற மெசேஜ் ஆப்புக்கு மாறியே ஆகணும்னு ஒருத்தர் ஒத்தக் கால்ல நிக்கிறாரு.

பதில்: அவரை உட்காரச் சொல்லுங்க. அந்த குரூப்போட மதிப்பே எல்லாரும் அதுல இருக்கறது தான். காலைல அஞ்சரைக்குப் பால் ஊத்த வர்றவரும், நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்ற ஃபேக்டரி பொண்ணுங்களும் புது ஆப் போடலைன்னா, கரடி மெசேஜ் யாருக்குப் போகணுமோ அவங்களுக்குப் போகாது. சிக்னல் நல்ல ஆப், சந்தேகமே இல்ல, லாபம் பார்க்காத அறக்கட்டளை நடத்தறது, வாட்ஸ்அப்பை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான பிரையன் ஆக்டன் 2018ல 5 கோடி டாலர் போட்டு அந்த அறக்கட்டளையைத் தொடங்கி வச்சாரு. ஆனா அதுவும் மக்கள் சேர்ந்து நடத்தறது இல்ல, மெசேஜ் போய் வர்ற சர்வர் கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே அமைப்போடது தான். அசோசியேஷன் கமிட்டி பேச்சு, வரவு செலவு இதுக்கு வேணா சிக்னல் வச்சுக்குங்க.

கேள்வி: ரிட்டயர்டு வாத்தியார், ஊட்டி. கூகுள்ல மெயில், ஃபோட்டோ எல்லாம் ஃபுல்லுன்னு மாசம் பணம் கட்டச் சொல்லுது. பக்கத்து வீட்டுப் பையன் "சின்ன கம்ப்யூட்டர் வாங்கி வீட்லயே வச்சுக்கலாம், இம்மிச்னு ஃபோட்டோ சேத்து வைக்கற ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர் இருக்கு, நான் போட்டுத் தர்றேன் சார்"ங்கறான். வாங்கலாமா?

பதில்: சார், அந்தப் பையன் எத்தனை வருஷம் ஊட்டில இருப்பான்? அதைக் கேட்டுட்டு வாங்குங்க. சாஃப்ட்வேர் நல்லது தான், ஆனா ஆடி மாசத்துல மரம் விழுந்து கரண்ட் போகும், நெட் போகும், மூடி வச்ச அலமாரில ஈரம் ஏறி கேமரா லென்ஸ்லயே பூஞ்சை புடிக்கற ஊரு, அதுல ஒரே ஒரு டிஸ்க்ல நாப்பது வருஷ ஃபோட்டோவை வைக்கிறது எனக்குப் பிடிக்கல. பத்திரமா வைக்கணும்னு கம்ப்யூட்டர், ரெண்டு டிஸ்க், யூபிஎஸ் எல்லாம் கூட்டினா நூறு ஜிபி பிளானோட பல வருஷ வாடகை வந்துடும்.

கூகுள்ல இலவசம் 15 ஜிபி, மெயில், டிரைவ், ஃபோட்டோ மூணுக்கும் சேர்த்து. 2021 ஜூன் 1க்கு அப்புறம் ஏத்தின ஃபோட்டோவெல்லாம் இந்தக் கணக்குல சேருது. அதனால முதல்ல பெரிய வீடியோவையும், பத்து எம்பிக்கு மேல அட்டாச்மென்ட் இருக்கற மெயிலையும் தேடி அழிங்க, பாதிப் பேருக்கு இதுலயே பிரச்சினை தீரும். அப்புறம் கூகுளோட டேக்அவுட்னு, நம்மளுதை மொத்தமா டவுன்லோட் பண்ற வசதி இருக்கு, அதுல எல்லாத்தையும் இறக்கி ரெண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க்ல போட்டு, ஒண்ணை சமவெளில இருக்கற மகள் வீட்ல வைங்க. டவுன்லோட் லிங்க் ஒரு வாரம் தான் இருக்கும், நம்ம லைன் ஸ்பீடுக்கு 2 ஜிபி துண்டு துண்டா கேளுங்க. படத்தோட கூட ஜேசன்னு குட்டி ஃபைலுங்க வரும், குப்பைன்னு தூக்கிப் போட்டுடாதீங்க சார், எடுத்த தேதியும் இடமும் பல சமயம் அதுல தான் இருக்கும்.

மெயில் ஐடியை மட்டும் அவசரப்பட்டு மூடாதீங்க. பேங்க், பென்ஷன், ஆதார் எல்லாம் அதுல கட்டி வச்சிருப்பீங்க. புது மெயில் தொறந்து ஒவ்வொண்ணா மாத்திட்டு வாங்க, பழையதை அப்பப்போ தொறந்து பாருங்க, ரெண்டு வருஷம் தொடாம விட்டா அக்கவுண்டையே அழிக்கலாம்னு அவங்க ரூல் இருக்கு.

கேள்வி: கொடைக்கானல். சோலைக்காட்டுப் பறவைங்க படம் எடுத்துப் போடறேன். மாஸ்டடான்ங்கற சோஷியல் மீடியாவுக்குப் போலாம்னு ஆசை, ஆனா சர்வர் நடத்தறவர் ஒருநாள் மூடிட்டுப் போயிட்டா?

பதில்: மூடலாம் தான் தம்பி, பெரிய கம்பெனியும் மூடுது, கூகுள் நடத்தின ஆர்குட் சைட் 2014ல போகலையா. மாஸ்டடான் 2016ல வந்தது, ஒரே சர்வர் இல்ல, ஆயிரக்கணக்குல இருக்கு. அவங்க அதிகாரபூர்வப் பட்டியல்ல இருக்கற சர்வருங்க மூடறதா இருந்தா மூணு மாசம் முன்னாடியே சொல்றோம்னு ஒத்துக்கிட்டவங்க, அதுல ஒண்ணா பார்த்து எடு. அறிமுகப் பக்கத்துல நடத்தறது யாரு, எத்தனை பேரு, செலவுக்குப் பணம் எங்கிருந்து வருதுன்னு எழுதியிருக்கான்னு படி, ஒருத்தரே கைக்காசு போட்டு ஓட்டறாருன்னா கொஞ்சம் யோசி. வேற சர்வர் மாறினா ஃபாலோயர்ஸ் கூட வருவாங்க, பழைய போஸ்ட் வராது, அதனால ஒரிஜினல் படம் எப்பவும் உங்கிட்ட இருக்கணும்.

படம் ரொம்ப நாள் நிக்கணும்னா விக்கிமீடியா காமன்ஸ்னு பொதுப் படக் கிடங்கு இருக்கு, தமிழ் விக்கிபீடியா கட்டுரைக்கும் அங்கிருந்து தான் எடுப்பாங்க. அங்க ஏத்தினா உன் பேரைப் போட்டு யாரு வேணா, வியாபாரத்துக்குக் கூட, எடுத்துக்கலாம், கொடுத்த அனுமதியைத் திரும்ப வாங்க முடியாது. காலண்டருக்கு விக்கற மாதிரி படம் எதுவும் வச்சிருந்தா அதை மட்டும் ஏத்தாத.