வாசகர் கேள்வி: உறுதியில் உள்ள நான்கு எல்லைகள்

கேள்வி: நானும் என் கணவரும் மலேசியாவில் பிறந்து வளர்ந்தவர்கள். அவர் கவிதை எழுதுகிறார், நான் மொழிபெயர்ப்பாளர். மலாயா ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்த அவருடைய அப்பப்பாவின் ஊர் திருகோணமலை. வருகிற ஆடியில் முதன்முறையாக இருவரும் இலங்கை வருகிறோம். கையில் இருப்பவை பழைய காணி உறுதி (நிலப் பத்திரம்) ஒன்றின் நகலும், அப்பம்மா சொன்ன சில கதைகளும்தான். வீட்டைக் கண்டுபிடிக்க முடியுமா? இப்பயணத்தைப் பற்றி இருவரும் எழுத எண்ணியிருக்கிறோம், எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகி, ஈப்போ

பதில்: சகோதரி, கதைகளைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு உறுதியை எடுங்கள். அதில் காணியின் பரப்பைவிட நான்கு எல்லைகளே உங்களுக்கு உதவும். வடக்கே இன்னார் காணி, கிழக்கே ஒழுங்கை, தெற்கே இன்னாருடைய வளவு என்று நொத்தாரிசு எழுதிவைத்திருப்பார். அப்பப்பாவின் பெயர் இன்று இங்கே ஒருவருக்கும் தெரியாமற் போகலாம். ஆனால் அந்த எல்லைக்காரரின் பேரப்பிள்ளைகள் அதே ஒழுங்கையில் இருக்கக்கூடும். அப்பெயர்களைத் தனித்தாளில் எழுதிக்கொண்டு முதலில் கிராம உத்தியோகத்தரையும், பிறகு காணிப் பதிவகத்தையும் நாடுங்கள்.

கதையை நம்பிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டிலிருந்து வந்த உறவுக்காரத் தம்பதியரை, ‘கிணற்றடி மாமரம்’ என்ற ஒரே அடையாளத்தைக் கொண்டு ஒரு வளவுக்கு அழைத்துச் சென்றேன். அவர்கள் மரத்தைத் தொட்டுக் கண் கலங்கிப் படமெடுத்து முடிக்கும்வரை பொறுத்திருந்த வீட்டுக்கார அம்மா, எங்களுக்குத் தேநீர் தந்த பிறகு, அந்த மரம் தம் மகளுக்குத் திருமணமான ஆண்டில் தாம் நட்டது என்றார்.

வீடே இல்லாமலும் போயிருக்கலாம். 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் இந்நகரைக் குண்டுவீசித் தாக்கியபோது பலர் வீடுகளைப் பூட்டிவிட்டு வெளியேறினார்கள். பின்னர் வந்த உள்நாட்டுப் போரின் இடப்பெயர்வுகளைச் சொல்லத் தொடங்கினால் இப்பக்கம் போதாது. காணி கடலோரத்தில் என்றால் 2004 ஆழிப்பேரலையையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதுவதைப் பற்றிக் கேட்டதால் ஓர் இடத்தை மட்டும் குறிப்பிடுகிறேன். கோணேசர் கோயிலுக்குப் பிரெடரிக் கோட்டைக்குள்ளாகத்தான் போக வேண்டும். எல்லோரும் மான்களையும், இராவணன் வெட்டு எனும் பாறைப் பிளவையும் பார்க்க விரைவார்கள். நீங்கள் வாயிலில் நின்றுவிடுங்கள். போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு எழுப்பிய கோட்டை அது. வாயிற்கல்லில் இரட்டை மீன் உருவமும் சிதைந்துபோன தமிழ்க் கல்வெட்டும் இன்றும் உள்ளன. வெயில் சாய்ந்து விழும்போதுதான் எழுத்தின் பள்ளம் கண்ணுக்குப் புலப்படும். வரிகள் பாதியிலே அறுந்து நிற்கும். மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு மணி நேரம் அங்கே போதாது.

கவிஞருக்குச் சம்பந்தர் இருக்கிறார். அவர் கடல் கடந்து வராமல் இராமேசுவரத்தில் இருந்தபடியே கோணமாமலையைப் பாடினார் என்பது மரபு. பாராத ஊரைப் பாட முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்; ஆனாலும் உங்கள் கணவர் நேரில் வருவதே நல்லது! எதிர்த்திசையில் போனவர் இவ்வூர்க்காரரான தி. த. சரவணமுத்துப்பிள்ளை. தமிழின் முதல் வரலாற்று நாவலாகக் கருதப்படும் ‘மோகனாங்கி’யை அவர் 1895 இல் சென்னையில் வெளியிட்டார், கதையோ நாயக்க மன்னர் காலத்தது. ஊரை விட்டுப் போனவர்கள் எல்லோரும் ஊரைப் பற்றியே எழுதவில்லை என்பதை உங்கள் கணவரிடம் சொல்லிவையுங்கள். இருவரும் தனித்தனிக் குறிப்பேடு வைத்துக்கொண்டு, ஈப்போ திரும்பும்வரை ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்காதிருப்பது நல்லது என்பது என் எண்ணம். ஒரே வீட்டில் எழுதுபவர்களின் நினைவு இரண்டாம் நாளே ஒன்றாகிவிடும்.

ஆடியில் இங்கே கச்சான் எனும் வறண்ட வெப்பக் காற்று வீசும். நண்பகலில் ஒழுங்கை ஒழுங்கையாக அலையாதீர்கள். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்குக் காலையிலேயே போய் வாருங்கள். இராவணன் தன் தாய்க்கு இறுதிக்கடன் செய்த இடம் அது என்பது ஐதீகம். கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்தால் ரயில்வேக்காரரின் பேரனுக்குப் பொருத்தமாக இருக்கும்.

கடைசியாக ஒன்று. வளவைக் கண்டுபிடித்துவிட்டால், கையில் உறுதியோடு படலையைத் திறக்காதீர்கள். நீங்கள் காணியைக் கேட்டு வந்திருப்பதாகவே அங்கே குடியிருப்பவர்கள் முதலில் அஞ்சுவார்கள். உறுதியைப் பையில் வைத்துவிட்டு, பார்க்க மட்டுமே வந்தோம் என்பதை வெளியில் நின்றே சொல்லிவிடுங்கள். உள்ளே கூப்பிட்டால் போங்கள்.