சொர்வொன் எல்லைக் கவுண்டி: கேள்வி பதில்

கே: சொர்வொன் எந்தக் கொரியாவில் இருக்கிறது?
ப: இரண்டிலும். 1945-இல் நாட்டைப் பிரித்த 38-ஆம் அட்சக்கோட்டுக்கு வடக்கே இருந்ததால் முழுதும் வட தரப்பிடம் போனது. கொரியப் போருக்குப் பின் ஒரு பகுதி தெற்குக்கு வந்தது. 1946-இல் எழும்பிய வட தரப்பின் தொழிலாளர் கட்சி அலுவலகத்தின் சுவர்கள் இன்று தென்கொரிய மண்ணில் நிற்பது அதனால்தான். வடக்கிலும் இதே பெயரில் ஒரு கவுண்டி உண்டு.

கே: மலை நாடான காங்வொன் மாகாணத்தில் இவ்வளவு நெல்வயல் எப்படி?
ப: எரிமலைக் குழம்பால். வடக்கே ப்யொங்காங் பக்கம் ஓரி மலையருகே வழிந்த குழம்பு பழைய பள்ளத்தாக்குகளை நிரப்பி மேசை போலச் சமன் செய்துவிட்டது. பிறகு ஹாந்தான் ஆறு அந்தப் பாறையை அறுத்துக்கொண்டு கீழே இறங்கியது. வயலில் நிற்பவருக்கு ஆறு தெரியாது. விளிம்புக்கு வந்தால் காலடியில் செங்குத்துப் பள்ளம்; சுவர் முழுக்கக் கட்டுக்கட்டாக நிற்கும் கல்தூண்கள். குழம்பு குளிர்ந்து சுருங்கும்போது வெடித்தவை அவை. ஜிக்தாங் அருவியின் உயரம் 3 மீட்டர்தான், அகலமோ 80. ஆறு இவ்வளவு தாழ்வில் ஓடுவதால் மடை திறந்தால் வயலுக்குப் பாயாது. தேக்கங்கள் வேண்டும்.

கே: குங்யே மன்னரின் அரண்மனையைப் பார்க்கலாமா?
ப: முடியாது. 905-இல் அவர் தலைநகராக்கிய இடம் இரு கொரியாக்களுக்கும் இடையிலான ராணுவமற்ற பகுதிக்குள் இருக்கிறது. எல்லைக்கோடே அதன் மேல் போகிறது.

கே: ப்யொங்காங் என்றால் ப்யொங்யாங்தானே?
ப: இல்லை. ப்யொங்யாங் வடகொரியத் தலைநகர். இரண்டும் வேறு ஊர்கள்.

கே: சொர்வொன் வடகொரியாவிலா?
ப: முதல் பதிலைப் படியுங்கள்.

கே: சுங்இல் பாலத்தின் பெயர், தென்கொரிய அதிபர் இ சுங்மன், வடகொரியத் தலைவர் கிம் இல்சுங் இருவர் பெயரையும் சேர்த்ததுதானே?
ப: அது ஊர்க் கதை. போரில் காணாமல்போன கர்னல் பாக் சுங்இல் நினைவாக வைத்த பெயர் என்பதே அதிகாரபூர்வ விளக்கம்.

கே: 1948-இல் வடக்கு தொடங்கி 1958-இல் தெற்கு முடித்த பாலம். இருவர் பெயர் பொருந்தத்தானே செய்கிறது?
ப: பொருந்துவது வேறு, காரணம் வேறு. சீன எழுத்தைப் பாருங்கள். கர்னல் பெயரின் ‘சுங்’ உயர்தலைக் குறிக்கும். அதிபர் இ சுங்மன் பெயரின் ‘சுங்’ ஏற்றுத் தொடர்தலை. ஒலி ஒன்று, எழுத்து இரண்டு. பாலத்தின் பெயரை இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள், சண்டை ஓயாததற்கு அதுவே காரணம். இருவர் கட்டியதற்கான சாட்சி வளைவுகளிலேயே இருக்கிறது: பெரிய வளைவின் மேல் உள்ள திறப்புகள் வடக்கு கட்டிய பக்கம் உருண்டை, தெற்கு முடித்த பக்கம் முனை மழுங்கிய சதுரம்.

கே: குளிர்காலக் கொக்குகளைப் படமெடுக்க வயலில் இறங்கலாமா?
ப: கூடாது. அறுவடையில் சிந்திய நெல்லைத் தேடித்தான் அவை வருகின்றன. விரட்டினால் வேறு வயலுக்குப் போய்விடும். வழியிலுள்ள ராணுவச் சோதனைச்சாவடியில் காட்ட அசல் பாஸ்போர்ட் வேண்டும். தார்ச்சாலையை விட்டு இறங்காதீர்கள்: சிவப்பு முக்கோணப் பலகை இருந்தால் உள்ளே கண்ணிவெடி என்று பொருள். பலகை இல்லாத ஓடைக்கரையிலும் இறங்காதீர்கள், வெள்ளம் வெடிகளை இடம் மாற்றிவிடும்.