முட்டி வீங்கும்வரை பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு 7 வயது, எடை 20 கிலோ. தீவிர ஹீமோஃபிலியா ஏ (ரத்தம் சரியாக உறையாத நோய்). மாதத்துக்கு ஒருமுறையாவது வலது முட்டி வீங்கிவிடுகிறது. மாமியார் தைலம் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறார். ரத்தம் உறைய உதவும் ஃபேக்டர் ஊசி போட 40 கிலோமீட்டர் போகவேண்டும் என்பதால் மறுநாள்வரை பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறோம். பள்ளியில் விளையாடவும் விடுவதில்லை. என்ன செய்யலாம்? - ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

முதலில் அந்தத் தைல பாட்டிலை எடுத்து உள்ளே வையுங்கள். பாட்டியின் பாசத்தைக் குறை சொல்லவில்லை, ஆனால் மூட்டுக்குள் ரத்தம் கசியும்போது தேய்ப்பதும் சூடு வைப்பதும் கசிவைக் கூட்டத்தான் செய்யும். துண்டில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பத்து, பதினைந்து நிமிடம் வையுங்கள், காலை அசைக்காமல் தலையணைமேல் தூக்கி வையுங்கள், அதற்குள் கிளம்புவதற்கான ஏற்பாட்டைப் பாருங்கள்.

ரத்தம் உறையத் தேவையான 8ஆம் ஃபேக்டர் என்ற புரதம் உங்கள் பையனுக்கு வழக்கமான அளவில் 1 சதவீதத்துக்கும் கீழே. இவர்களுக்கு ரத்தம் குபுகுபுவென்று கொட்டும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை, எல்லோருக்கும் வருகிற வேகம்தான், நிற்கத்தான் நேரமாகும். கையில் சிராய்ப்பு என்றால் அழுத்திப் பிடித்துச் சமாளித்துவிடலாம். வெளியே தெரியாமல் முட்டிக்குள்ளும் கணுக்காலுக்குள்ளும் கசிகிறதே, அதுதான் வம்பு. தேங்கிய ரத்தத்தில் இருக்கும் இரும்பு மூட்டின் உள்சவ்வைத் தடிக்க வைக்கும், தடித்த சவ்வில் புது ரத்தக் குழாய்கள் கிளம்பும், அவை இன்னும் சுலபமாக உடையும். அதே வலது முட்டி திரும்பத் திரும்ப வீங்குவது இதனால்தான்.

வீக்கம் தெரிகிறது என்றால் ஏற்கெனவே தாமதம். அதற்கு முன்பே "உள்ளே குறுகுறுங்குதும்மா" என்பான், படியில் ஒரே காலை முன்னால் வைத்து இறங்குவான், தொட்டால் அந்த முட்டி மட்டும் சூடாக இருக்கும். ஊசி போடவேண்டிய நேரம் அதுதான், முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள். ஊசிக்குப் பயந்து வலியை மறைக்கிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் சொன்னதற்காக ஒருபோதும் திட்டிவிடாதீர்கள்.

கிலோவுக்கு 1 யூனிட் போட்டால் ஃபேக்டர் சுமார் 2 சதவீதம் ஏறும். 20 கிலோ பையனுக்கு 500 யூனிட் என்றால் 50 சதவீதம் அளவுக்கு வரும், ஆனால் அரை நாளிலேயே அதில் பாதி கரைந்துவிடும். அதனால்தான் சில சமயம் மறுநாளும் போடச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் ஃபேக்டர் இலவசம். வீட்டில் நீங்களே போடப் பயிற்சியும் மருந்தும் கிடைக்குமா என்று கேளுங்கள் (ஃபிரிட்ஜில் வைக்கலாம், ஃப்ரீசரில் கூடாது). அப்புறம், மாதாமாதம் கசிகிற பையனுக்குக் கசிந்தபின் போடுவது மட்டும் போதாது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை முன்கூட்டியே ஃபேக்டர், இல்லையென்றால் ஃபேக்டர் செய்யும் வேலையைச் செய்கிற, தோலுக்கடியில் போடும் எமிசிசுமாப் ஊசி, இரண்டில் எது சாத்தியம் என்று மருத்துவரிடம் விடாமல் கேளுங்கள். போடும் ஃபேக்டர் வேலை செய்யவில்லை என்று தோன்றினால் 'இன்ஹிபிட்டர்' பரிசோதனையும் கேளுங்கள், சிலருக்கு உடம்பே ஃபேக்டரை எதிர்க்கத் தொடங்கிவிடும்.

வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், புரூஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம். காய்ச்சல் என்று போனால் இடுப்பில் ஊசி போட விடாதீர்கள், தசைக்குள் ரத்தம் கசியும்.

விளையாட்டா? கபடியும் ஃபுட்பாலும் வேண்டாம், ஆனால் முட்டி அடங்கியபின் பிசியோதெரபிஸ்ட்டைக் கேட்டுவிட்டு நீச்சலும் சைக்கிளும் தாராளமாக ஆடட்டும், தொடைத் தசை வலுவானால் முட்டிக்குத்தான் பாதுகாப்பு. பி.டி. சாரிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: தலையில் அடிபட்டால், பையன் சிரித்துக்கொண்டே நின்றாலும், உடனே ஃபேக்டர், பிறகுதான் ஸ்கேன். பள்ளி அடையாள அட்டையின் பின்பக்கம் நோயின் பெயரையும் உங்கள் கைபேசி எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.