தம்பி, பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்கிறதா?

கோலாலம்பூருக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது, தங்கியிருக்கும் இடத்துக்குப் பின்னால் கரண்ட் அறைக் கதவில் பஹாயா, டேஞ்சர், அபாயம் என்று வரிசையாக எழுதியிருக்கிறது, இந்த டேஞ்சர் எங்கிருந்து வந்த சொல் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வாடகை, சிம் கார்டு பற்றியும். அதெல்லாம் நம் ஆட்கள் கூடும் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மலாய்க்காரரின் பஹாயா சமஸ்கிருத வழியில் நம் பயத்துக்குச் சொந்தம். டேஞ்சர் வேறு குடும்பம். லத்தீனில் டோமினுஸ் என்றால் எஜமான். அந்த வேரிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அதற்குப் பொருள் எஜமானின் அதிகாரம், நமக்குக் கெடுதல் செய்ய அவனுக்கு இருக்கிற பலம். ஒருவனுடைய டேஞ்சரில் இருக்கிறாய் என்றால் அவன் பிடியில் இருக்கிறாய். வெறும் ஆபத்து என்ற பொருள் பிறகு ஒட்டிக்கொண்டது.

நான் 1997-இல் மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வந்தேன். வந்த அன்றே முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார். பதினொரு பேருடையதும் ரப்பர் பேண்ட் போட்டு ஒரு மைலோ பானத்தூள் டின்னுக்குள் கிடந்தது. எங்களுக்கு ஆளுக்கொரு ஜெராக்ஸ். சட்டைப்பை வேர்வையில் என்னுடையது மடிப்போடு தேய்ந்து, வேலை பெர்மிட் எண் இருந்த இடத்தில் ஓட்டை. ஒரு ராத்திரி போலீஸ் சோதனையில் அந்த ஓட்டைக்காகப் பிடித்துக்கொண்டு போனார்கள். காலைப் பசியாறல் வியாபாரம் முடிந்து முதலாளி வரும்வரை ஸ்டேஷன் பெஞ்சில் இருந்தேன். மூன்று மாதச் சம்பள பாக்கியைக் கேட்கும் துணிச்சல் அன்றோடு போயிற்று.

அடுத்தவர் பாஸ்போர்ட்டை (இங்கே பத்திரிகைத் தமிழில் கடப்பிதழ்) அதிகாரமில்லாமல் வைத்திருப்பது மலேசியாவின் 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். எனக்கு ஆத்திரமெல்லாம் நம் ஆட்கள் மேல்தான். பத்து வருஷம் இங்கே இருந்தவர்களே புதுப் பையனிடம் "கொடுத்துடுப்பா, இங்க அதுதான் வழக்கம்" என்கிறார்கள். கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் இன்றே கேளுங்கள். எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பிவையுங்கள்.

மலாய் படியுங்கள். கூராங் மானிஸ் (இனிப்பு கம்மி), தாம்பா நாசி (இன்னும் சோறு) என்று ஆர்டர் எடுத்தே ஆறு மாதத்தில் பேசினேன். தொழிலாளர் இலாகா கவுண்டரில் என் வழக்கை நானே மலாயில் சொன்னேன். அடுத்த வாரம் முதலாளி கரண்டிக் காம்பால் நெம்பி அந்த டின்னைத் திறந்தார். என் பாஸ்போர்ட்டில் மைலோ வாசனை ரொம்ப நாள் இருந்தது.