வெறும் வயிற்றில் 112, எச்பிஏ1சி 8.2: எதை நம்புவது?

மதுரையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "என் கணவருக்கு 58 வயது. ஆறு ஆண்டுகளாக இரண்டாம் வகை சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். தினமும் காலையில் வெறும் வயிற்றில் குளுக்கோமீட்டரில் பார்க்கிறோம். 105-லிருந்து 120-க்குள்தான் இருக்கிறது. சென்ற வாரம் லேபில் எடுத்த எச்பிஏ1சி மட்டும் 8.2 என்று வந்திருக்கிறது. எங்கள் மீட்டர் பழுதா, லேபில் தவறா?"

பெரும்பாலும் இரண்டும் சரியாகவே இருக்கும், அம்மா. விரலில் எடுத்த துளி, காலை ஆறு மணிக்கு ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருந்தது என்பதை மட்டும் சொல்லும். எச்பிஏ1சி, சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதைக் கணக்கிடுகிறது. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால், கடந்த இரண்டு மூன்று மாதங்களில் இரவும் பகலும் ஓடிய சர்க்கரையின் சராசரி அதில் பதிந்துவிடுகிறது. 8.2 சதவீதம் என்றால் அந்தச் சராசரி சுமார் 189 மி.கி. காலையில் 112 இருப்பவருக்குச் சராசரி 189 வர வேண்டுமானால், நீங்கள் பார்க்காத வேளைகளில் சர்க்கரை வெகுவாக ஏறியிருக்க வேண்டும்.

அது சாப்பாட்டுக்குப் பின் ஏறுகிறது என்பதே என் முதல் சந்தேகம். நோயாளிகள் கொண்டுவரும் நோட்டுகளைப் புரட்டினால் காலைக் கட்டம் மட்டும் பக்கம் பக்கமாக நிரம்பியிருக்கும். மதியமும் இரவும் வெறுமையாகக் கிடக்கும். மூன்று வேளையும் அரிசியை நம்பியிருக்கும் நம் வீடுகளில் இது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன். ஸ்ட்ரிப் விலை கையைக் கடிக்கும் என்பதால் தினமும் நாலைந்து முறை குத்திக்கொள்ளச் சொல்லமாட்டேன். ஒரு வாரத்துக்கு மட்டும் ஜோடியாகப் பாருங்கள்: ஒரு நாள் காலை இட்லிக்கு முன்பும், முதல் வாய் வைத்ததிலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்தும், மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும், அதற்கடுத்த நாள் இரவு உணவுக்கு. என்ன சாப்பிட்டார், எவ்வளவு என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். மதியத்தில் 118 இருந்தது 240 ஆகிறதென்றால், சோற்றின் அளவைக் குறைத்து, காய்கறியும் பருப்பும் கூட்டி, சாப்பிட்டபின் கால் மணி நேரம் நடந்துவிட்டு அடுத்த வாரம் மறுபடி பார்க்கலாம். பெரும்பாலானோருக்கு வைக்கப்படும் இலக்கு, சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130, சாப்பிட்டபின் 180-க்குள், எச்பிஏ1சி 7-க்குள் என்பதாகும். முதியவர்களுக்கும் வேறு நோய் உள்ளவர்களுக்கும் மருத்துவர் இதைத் தளர்த்துவார்.

சோதனை நாளன்று மட்டும் மாத்திரையை நிறுத்துவதும், முந்தைய இரவு பட்டினி கிடப்பதும் வேண்டாம். வழக்கமான நாள் எப்படி இருக்கிறது என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டும்.

குத்துவதற்கு முன் கையைச் சோப்பால் கழுவி ஈரம் போகத் துடைக்க வேண்டும். மாம்பழம் நறுக்கிய விரலில் ஒட்டியுள்ள சாறே அளவை ஏற்றிக் காட்டிவிடும். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்துவைக்காதீர்கள், காலாவதித் தேதியையும் பாருங்கள். லேப் அளவுக்கும் மீட்டர் அளவுக்கும் 15 சதவீதம் வரை வித்தியாசம் இருப்பது இயல்பு. இரண்டையும் ஒப்பிட விரும்பினால், லேபில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கும் அதே நேரத்தில் விரலிலும் பாருங்கள். சாப்பிட்டபின் விரல் ரத்தத்தில் சர்க்கரை நரம்பில் எடுப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

எச்பிஏ1சியே வழிதவறச் செய்யும் சூழ்நிலையும் உண்டு. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ ரத்தப்போக்கு இருந்தாலோ குறைவாகக் காட்டலாம். ஆகவே உங்கள் கணவரின் ஹீமோகுளோபின் அளவையும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

8.2 என்ற எண்ணைப் பார்த்துப் பதறி நீங்களாகவே மாத்திரையைக் கூட்டிவிடாதீர்கள். அவர் சாப்பிடுவது கிளிமிபிரைடு போன்ற மாத்திரையாக இருந்தால், ஏற்கெனவே 105-இல் நிற்கும் காலைச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடக்கூடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு தெரிந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். அந்த ஒரு வார நோட்டை எச்பிஏ1சி முடிவோடு சேர்த்து மருத்துவரிடம் காட்டினால், எந்த வேளைக்கு எந்த மருந்து வேண்டும் என்பதை அவர் முடிவு செய்வார்.