மாநில அரசு எங்கள் நகரத்தை எடுத்துக்கொண்டால் என் ஓட்டு என்னவாகும்?

கேள்வி: மிச்சிகனில் ஒரு சின்ன நகரத்தில் ஆறு வருஷத்துக்கு முன் வீடு வாங்கினோம். என் மனைவி இதே நகராட்சி அலுவலகத்தில் 11 ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். நகரத்திடம் காசு இல்லை, நிலைமையைப் பார்க்க மாநில அரசு ஒரு குழுவை அனுப்பியிருக்கிறது என்று போன மாதம் செய்தி வந்தது. மேயரையும் கவுன்சிலையும் கலைத்துவிட்டு ஓர் அதிகாரியை உட்கார வைப்பார்கள் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அப்படியானால் நவம்பரில் கவுன்சில் தேர்தலுக்கு ஓட்டுப் போட்டு என்ன பயன்? வரியும் தண்ணீர்க் கட்டணமும் ஏறுமா? மனைவியின் பென்ஷன்? வீட்டை இப்போதே விற்றுவிடலாமா?

பதில்: தெருவில் பேசிக்கொள்வதில் பாதி உண்மை, பாதி அவசரம். இப்போது வந்திருப்பது பரிசீலனைக் குழு. கணக்குகளைப் பார்த்து, நிதி நெருக்கடி இருக்கிறதா என்று ஆளுநருக்கு அறிக்கை கொடுப்பது அதன் வேலை. அதிகாரம் இன்னும் உங்கள் கவுன்சிலிடம்தான் இருக்கிறது. நீங்கள் செய்யக்கூடியதில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மிச்சிகனில் இதை நடத்துவது 2012-ஆம் ஆண்டின் 436-ஆம் எண் சட்டம். நெருக்கடி உறுதியானதும், நான்கு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கவுன்சிலுக்கு அது ஏழு நாள் தருகிறது. மாநிலத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு, அதன் நிபந்தனைகளுக்குள் தாங்களே நிர்வாகத்தைத் தொடரலாம். நடுநிலையாளர் ஒருவரை வைத்துக் கடன்காரர்களோடு பேசலாம். ஆளுநர் சம்மதித்தால் திவால் நீதிமன்றத்துக்குப் போகலாம். நான்காவது வழிதான் உங்கள் தெரு பயப்படுகிற எமர்ஜென்சி மேனேஜர், அதாவது நகரத்தை நடத்த மாநிலம் நியமிக்கும் அதிகாரி. டெட்ராய்ட்டை உள்ளடக்கிய வெய்ன் கவுண்டி 2015-இல் ஒப்பந்த வழியை எடுத்தது. அடுத்த ஆண்டே அதிலிருந்து வெளியே வந்தது. மேனேஜர் யாரும் அங்கே வரவில்லை.

ஏழு நாள் என்பது எவ்வளவு குறைவு என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஏழு நாளுக்குள் கவுன்சிலர்கள் சட்டத்தைப் படித்து, வக்கீலைப் பார்த்து, தங்களுக்குள் சண்டை போட்டு முடிக்க வேண்டும். ஆகவே இப்போதே உங்கள் கவுன்சிலரிடம் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: குழுவின் அறிக்கை பாதகமாக வந்தால் நீங்கள் எந்த வழிக்குக் கை தூக்குவீர்கள்? பதில் இல்லையென்றால், பதில் வரும்வரை ஒவ்வொரு கூட்டத்திலும் கேளுங்கள்.

சரி, கடைசியில் மேனேஜர்தான் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கவுன்சிலைக் கலைக்க மாட்டார்கள். மேயரும் கவுன்சிலர்களும் பதவியில் இருப்பார்கள், தேர்தலும் நடக்கும். ஆனால் அவர்களுடைய அதிகாரம் முழுவதும் மேனேஜருக்குப் போய்விடும். சம்பளமும் நின்றுபோகும், மேனேஜர் உத்தரவு போட்டால்தான் திரும்பக் கிடைக்கும். இது எப்படிச் சட்டப்படி செல்லும் என்று பலரும் கொதிக்கிறார்கள். அமெரிக்க அரசியல் சாசனத்தில் நகரம் என்ற சொல்லுக்குத் தனி இடம் இல்லை. நகரம் மாநிலம் உண்டாக்கியது, மாநிலம் அதை மாற்றலாம் என்று உச்ச நீதிமன்றம் 1907-இல் பிட்ஸ்பர்க் வழக்கில் சொல்லிவிட்டது. மிச்சிகன் சட்டத்தை எதிர்த்துப் போன வழக்கும் 2016-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது எனக்கு இன்றும் ஆறாத விஷயம். இதற்கு முந்தைய சட்டத்தை, 2011-இன் 4-ஆம் எண் சட்டத்தை, மிச்சிகன் மக்கள் 2012 நவம்பரில் ஓட்டுப் போட்டு ரத்து செய்தார்கள். அடுத்த மாதமே சட்டமன்றம் இப்போதுள்ள சட்டத்தைக் கொண்டுவந்தது. நிதி ஒதுக்கீடு உள்ள சட்டத்தை மக்கள் வாக்கெடுப்புக்கு விட முடியாது என்ற விதி இருப்பதால், அதில் ஓர் ஒதுக்கீட்டையும் சேர்த்துவிட்டார்கள். மறுபடி ரத்து செய்யும் கதவு அப்படி மூடப்பட்டது.

இருந்தும் நவம்பரில் கட்டாயம் ஓட்டுப் போடுங்கள் என்பேன். மேனேஜரின் முக்கியமான முடிவு ஒன்றைக் கவுன்சில் மறுத்தால், அதே அளவு பணம் மிச்சமாகும் மாற்றுத் திட்டத்தை ஏழு நாளுக்குள் வைக்கலாம்; எது நடக்க வேண்டும் என்று மாநிலத்தின் அவசரக் கடன் வாரியம் முடிவு செய்யும். 18 மாதம் கழிந்ததும், மூன்றில் இரண்டு பங்கு ஓட்டோடு கவுன்சில் மேனேஜரை வெளியேற்றலாம். டெட்ராய்ட் கவுன்சில் 2014 செப்டம்பரில் இதைச் செய்தது. திவால் வழக்கை மட்டும் கெவின் ஓர் என்ற மேனேஜரிடம் விட்டு, அன்றாட நிர்வாகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. கணக்குப் படிக்கத் தெரிந்த, ஏழு நாளில் மாற்றுத் திட்டம் எழுதத் தெரிந்த ஆட்கள் கவுன்சிலில் இல்லாவிட்டால் இந்த இரண்டு உரிமையும் வெறும் காகிதம்தான். இந்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம் பட்ஜெட் பற்றி நாலு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

தண்ணீருக்கு வருகிறேன். இதில் அவசரப்பட முடியாது.

ஃபிளின்ட் நகரத்தில் 1960-இல் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் இருந்தார்கள். 2010-இல் அதில் பாதிதான் மிச்சம். ஜெனரல் மோட்டார்ஸ் வேலைகள் போனதோடு வரி வருமானமும் போனது. 2011 முதல் வரிசையாக மேனேஜர்கள் வந்தார்கள். செலவைக் குறைக்க, டெட்ராய்ட்டிலிருந்து தண்ணீர் வாங்குவதை விட்டுவிட்டு, புதிய குழாய்த்தடம் தயாராகும் வரை ஃபிளின்ட் ஆற்று நீரையே சுத்திகரித்துக் கொடுப்பது என்று முடிவானது. 2014 ஏப்ரல் 25-இல் மாற்றினார்கள். குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. அது தேவையில்லை என்று சொன்னது மாநிலத்தின் சுற்றுச்சூழல் துறை. பழைய குழாய்களின் ஈயம் குடிநீரில் கரைந்தது. அந்த அக்டோபரிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் தன் எஞ்சின் ஆலைக்கு இந்தத் தண்ணீர் வேண்டாம் என்று நிறுத்திவிட்டது, உதிரி பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று. வீடுகளில் பிள்ளைகள் அதையே குடித்துக்கொண்டிருந்தார்கள். 2015 மார்ச்சில், டெட்ராய்ட் தண்ணீருக்கே திரும்ப வேண்டும் என்று நகரக் கவுன்சில் ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில் ஓட்டுப் போட்டது. அப்போதைய மேனேஜர் ஏற்கவில்லை. அக்டோபரில்தான் திரும்பினார்கள். அதே காலத்தில் பரவிய, நுரையீரலைத் தாக்கும் லீஜியனேர்ஸ் நோயில் குறைந்தது 12 பேர் இறந்தார்கள். பின்னாளில் வந்த சமரசத் தொகை 62.6 கோடி டாலர். அதில் 60 கோடி மாநிலத்தின் பணம்.

கவுன்சில் தவறே செய்யாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஃபிளின்ட்டைப் போண்டியாக்கியதில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் ஒரு கவுன்சிலரின் வீட்டுக் குழாயிலும் அதே பழுப்புத் தண்ணீர்தான் வரும். கடைத்தெருவில் யாராவது பிடித்துக் கேட்பார்கள். மேனேஜர் பதில் சொல்ல வேண்டியது தலைநகர் லான்சிங்குக்கு. அதனால் மேனேஜர் வந்தால் தண்ணீர், சாக்கடை, தீயணைப்பு ஆகிய மூன்றிலும் எந்தச் சிக்கனம் வந்தாலும் கண் வையுங்கள். அவர் தன் நிதித் திட்டத்தைப் பற்றிப் பொதுக்கூட்டம் நடத்த வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. போங்கள், கேட்டதையும் கிடைத்த பதிலையும் எழுதி வையுங்கள். தகவல் கோரும் சட்டப்படி ஆவணங்களும் கேட்கலாம்.

இதே அதிகாரம் நல்லபடியாகவும் பயன்பட்டிருக்கிறது. மாசசூசெட்ஸில் அப்போது 30,000 பேர்கூட இல்லாத செல்சி நகரத்தை 1991-இல் மாநிலம் எடுத்துக்கொண்டு, நிர்வாகத்தை நடத்த ரிசீவர் என்ற அதிகாரி ஒருவரை வைத்தது. அங்கே கடனை மட்டும் பார்க்கவில்லை. இனி இந்த நகரம் எப்படி ஆளப்பட வேண்டும் என்று மக்களைக் கூட்டிக் கூட்டிப் பேசினார்கள். அதிலிருந்து வந்த புதிய நகரச் சாசனத்தை 1994-இல் மக்களே ஓட்டுப் போட்டு ஏற்றார்கள். மேயர் பதவி போய், கவுன்சில் நியமிக்கும் நகர மேலாளர் முறை வந்தது. 1995-இல் ரிசீவர் கிளம்பிவிட்டார், நகரம் சொந்தக் காலில் நின்றது. உங்கள் ஊருக்கு மேனேஜர் வந்தால் முதல் கூட்டத்திலேயே செல்சியைப் பற்றிக் கேளுங்கள்.

அப்புறம் வரி. எமர்ஜென்சி மேனேஜர் தன் கையெழுத்தால் புதிய வரி போட முடியாது. மக்கள் ஓட்டுப் போட்டு ஏற்க வேண்டும். உங்கள் வீட்டின் வரிக்குரிய மதிப்பும், 1994-இல் வந்த உச்சவரம்புப்படி, ஆண்டுக்குப் பணவீக்கம் அல்லது 5 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் ஏறாது. ஆனால் ஒரு பக்கக் கதவு இருக்கிறது. நகரத்துக்கு எதிராக யாராவது வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கி, நகரத்திடம் கொடுக்கப் பணம் இல்லை என்றால், அந்தத் தொகையை வீட்டுக்காரர்களின் வரிச்சீட்டில் ஏற்றலாம். இதற்கு வாக்கெடுப்பு கிடையாது. கடன் கொடுத்தவர்களோடு நகரம் என்னென்ன வழக்கு நடத்துகிறது என்று கேட்டு வையுங்கள். தண்ணீருக்கும் குப்பைக்கும் வாங்குவது வரிக்கணக்கில் சேராது, அது கட்டணம். ஏறுவது பெரும்பாலும் அதுதான்.

மேனேஜர் செலவை வெட்டுவார், வருமானத்தை உண்டாக்க அவரிடம் மந்திரம் இல்லை. மிச்சிகன் நகரங்களுக்கு மாநிலம் பகிர்ந்து கொடுத்த பணம் 2000-களின் தொடக்கத்திலிருந்து வெட்டப்பட்டது. 2008-இல் வீட்டு விலை சரிந்தபோது வரி அடித்தளமும் சரிந்தது. விலை மீண்டும் ஏறினாலும் மேலே சொன்ன உச்சவரம்பால் வரி கூடவே ஏறவில்லை. பணத்தைக் குறைத்த மாநிலமே கணக்குக் கேட்டு வருவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மனைவியின் பென்ஷனுக்கு வருகிறேன். மேனேஜர் மட்டும் வந்தால், ஏற்கெனவே சேர்ந்த பென்ஷனைக் குறைக்க முடியாது. மிச்சிகன் மாநில அரசியல் சாசனமே அதைப் பாதுகாக்கிறது. நகரம் திவால் நீதிமன்றத்துக்குப் போனால் அந்தப் பாதுகாப்பு உடையும். டெட்ராய்ட் 2013 ஜூலையில் சுமார் 1,800 கோடி டாலர் கடனோடு போனது. பென்ஷனையும் குறைக்கலாம் என்று அந்த டிசம்பரில் நீதிபதி ஸ்டீவன் ரோட்ஸ் தீர்ப்பளித்தார். அறக்கட்டளைகளும் மாநிலமும் டெட்ராய்ட் கலைக்கூடமும் சேர்ந்து 81.6 கோடி டாலர் திரட்டியதால் வெட்டு ஓரளவோடு நின்றது: பொது ஊழியர்களுக்கு 4.5 சதவீதம், அதோடு விலைவாசிக்கேற்ப ஆண்டுதோறும் கிடைத்த பென்ஷன் உயர்வும் போனது. ரோட் ஐலண்டின் சென்ட்ரல் ஃபால்ஸில் அப்படித் தாங்க யாரும் உடனே வரவில்லை. அங்கே 2011-இல் சிலருடைய பென்ஷன் 55 சதவீதம் வரை வெட்டப்பட்டது.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஓய்வுக்குப் பிறகு நகரம் தரும் மருத்துவக் காப்பீட்டுக்குச் சாசனப் பாதுகாப்பு இல்லை. டெட்ராய்ட்டில் முதியவர்களை அதிகம் அடித்தது அதுதான். உங்கள் மனைவி வேலையில் இருப்பவர் என்பதால் இன்னொன்றும் உண்டு: ஒப்பந்த வழியை எடுத்தாலும், 30 நாளுக்குப் பிறகு தொழிற்சங்கத்தோடு பேரம் பேசும் கடமை நகரத்துக்கு இல்லாமல் போகலாம். வெய்ன் கவுண்டியில் சம்பளமும் சலுகைகளும் அப்படித்தான் மாற்றப்பட்டன. மேலே சொன்ன ஒப்பந்த வழிக்கும் விலை உண்டு, அதை ஊழியர்கள் கொடுத்தார்கள். அவர் இந்த வாரமே தன் பணிக்கால அறிக்கையை எழுத்தில் வாங்கட்டும்: எத்தனை ஆண்டு சேர்ந்திருக்கிறது, பென்ஷன் உரிமை உறுதியாகிவிட்டதா, பணம் நகரத்தின் சொந்த நிதியிலா, மெர்ஸ் என்ற மாநில அளவிலான அமைப்பிலா. மெர்ஸில் இருந்தாலும் ஒவ்வொரு நகராட்சிக்கும் தனிக் கணக்குதான். உங்கள் நகரத்தின் கணக்கில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கடைசியாக வீடு. உங்கள் பத்திரத்தையும் வங்கிக் கடனையும் மாநிலம் தொடாது. பரிசீலனைக் குழுச் செய்தி வந்த மாதத்தில் விற்பது, வாங்குபவர் பயத்தில் இருக்கும்போது விலை பேசுவது போல. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அறிக்கை வரும்வரை பொறுத்திருப்பேன். அதற்குள் ஒரு கணக்கும் போட்டுப் பாருங்கள். ஆறு வருஷமாக உச்சவரம்புக்குள் இருக்கும் உங்கள் வரி மதிப்பு, நீங்கள் வேறு ஊரில் வீடு வாங்கினால் உங்களோடு வராது. புதிய வீட்டின் வரிக்குரிய மதிப்பு அடுத்த ஆண்டே சந்தை மதிப்பில் பாதிக்கு ஏறிவிடும். வீட்டு ஏஜென்ட் காட்டும் வரிச்சீட்டு பழைய உரிமையாளருடையது. உங்களுக்கு வரப்போவது வேறு தொகை. இங்கே ஏறக்கூடிய தண்ணீர்க் கட்டணத்தையும் அங்கே ஏறப்போகும் வரியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு ஏஜென்டைக் கூப்பிடுங்கள்.